வெல்டிங் சூடு எங்கே போகிறது? ஒரு பழைய கணக்கு

போன மாதம் வால்டாக்ஸ் ரோட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு பழைய நண்பர் போன் செய்தார். "மதில், கோட்டை, டிராம் எல்லாம் எழுதுகிறாய். முப்பத்தாறு வருஷம் சோறு போட்ட தொழிலைப் பற்றி ஒரு வரி உண்டா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அந்தத் தொழிலில் நான் போட்ட ஒரு கையெழுத்தைப் பற்றிச் சொல்லாமல் வெல்டிங்கைப் பற்றி எழுத எனக்கு மனசு வரவில்லை. வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

எங்கள் மூலக்கொத்தளத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. மூலையில் இருந்த கொத்தளம் என்பதால் மூலக்கொத்தளம். பிரெஞ்சுக்காரர்கள் வந்து முற்றுகையிட்டுப் போனது 1758–59இல். அதன் பிறகு ஹைதர் அலியின் படை பட்டணத்தின் வாசல்வரை வந்துபோன பயத்தில், கறுப்பர் நகரைச் சுற்றிக் கம்பெனிக்காரர்கள் மதில் எழுப்பினார்கள். மதிலுக்கு வரி போட நினைத்ததால் வால்டாக்ஸ் ரோடு. மதில் போய்விட்டது, கொத்தளமும் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. எங்கள் பேட்டையை ஊருக்குத் தெரிந்ததெல்லாம் சுடுகாட்டால்தான். 1939இல் இந்தி எதிர்ப்புப் போரில் உயிர்விட்ட நடராசன், தாளமுத்து இருவரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

எங்களுக்கு அது இரும்புப் பேட்டையும்கூட. கிழக்கே துறைமுகம், மேற்கே பேசின் பிரிட்ஜ் ரயில் ஷெட்டு, அதைத் தாண்டினால் பெரம்பூர். வடக்கே டி.எச். ரோட்டைப் பிடித்துச் சைக்கிளை மிதித்தால் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று ஆலைகள் வரிசையாக வரும். தெருவுக்கு நாலு வெல்டர் வீடு இருந்தது. ராத்திரி கண்ணில் உருளைக்கிழங்குத் துண்டை வைத்துக் கட்டிக்கொண்டு படுத்திருக்கும் ஆளைப் பார்த்தால், இன்று யாரோ கண்ணாடி இல்லாமல் டேக் போட்டிருக்கிறார் என்று பிள்ளைகளுக்கே தெரியும்.

சரி, கையெழுத்து விஷயம்.

1978 நவம்பர். நல்ல மழை. திருவொற்றியூர் பக்கம் ஒரு தனியார் பட்டறையில் நான் வெல்டிங் சூப்பர்வைசர். பெயர் வேண்டாம், அந்தப் பட்டறை இப்போது இல்லை. வயது முப்பது, டிப்ளமோ படித்த திமிர் கொஞ்சம் உண்டு. ஒரு வின்ச்சுக்கு டிரம் செய்துகொண்டிருந்தோம். 100 மி.மீ. விட்டமுள்ள தண்டு. அதன்மேல் 40 மி.மீ. கனமுள்ள வட்டத் தட்டுகளை மாட்டிச் சுற்றிலும் வெல்டிங் போட வேண்டும். தண்டு இ.என். 8 என்று நாங்கள் சொல்லும் எஃகு. அதில் கார்பன் சுமார் 0.4 சதவீதம். சாதாரணத் தகட்டில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு.

வெல்டர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கொருக்குப்பேட்டைக்காரர். நான் அண்ணே என்பேன், அவர் சார் என்பார். காலை ஷிஃப்டில் வந்ததும் தண்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "சார், சில்லுனு கீது. கேஸ் வெச்சி கொஞ்சம் சூடு காட்டிட்டு போட்டா நல்லது" என்றார். கேஸ் சிலிண்டர் கட்டிங் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் லாரி. "நேரமில்லண்ணே, அப்படியே போட்டுடுங்க" என்றேன். போட்டார். ஸ்லாக்கைத் தட்டிவிட்டுப் பார்த்தால் மீன் செதில் அடுக்கினாற்போல ஒரே சீர்.

மூன்றாம் நாள், வாங்கியவர் இடத்தில் லோடு ஏற்றிப் பார்த்தபோது தண்டு முறிந்தது. நல்லவேளை, கீழே ஆள் இல்லை. முறிந்த துண்டு திரும்பி வந்தது. வெல்டிங் அப்படியே இருந்தது. அதை ஒட்டி, தண்டின் பக்கத்தில், மயிரிழை தள்ளி விரிசல் ஓடியிருந்தது. மேலே அறிக்கை கேட்டார்கள். "வெல்டரின் கவனக்குறைவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவருக்கு வேலை போயிற்று. பன்னிரண்டு வருஷ சர்வீஸ்.

அந்த மயிரிழை இடத்தில் என்ன நடந்தது என்று எனக்கு அன்று சரியாகத் தெரியாது. தெரிந்துகொள்ள எட்டு வருஷம் ஆயிற்று.

வெல்டிங் ராடின் நுனியில் எரியும் ஆர்க்கின் சூடு ஐயாயிரம், ஆறாயிரம் டிகிரி. இரும்பு உருகுவது சுமார் 1500 டிகிரியில். உருகிய குட்டை விரல் நுனி அளவுதான் இருக்கும். அதற்கு ஒரு மி.மீ. வெளியே உள்ள இரும்பு உருகுவதில்லை, ஆனால் பழுக்கிறது. ஆர்க் நகர்ந்ததும் அந்தப் பழுத்த இரும்பு ஆறுகிறது. ஆறும் வேகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கொல்லன் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கிறான் அல்லவா? அரிவாள் கெட்டியாகும், கூடவே உடையும் குணமும் வரும். வெல்டிங்கில் தண்ணீர் தேவையில்லை. சுற்றியிருக்கும் குளிர்ந்த இரும்பே சூட்டை உறிஞ்சித் தோய்த்துவிடும். இரும்பு எவ்வளவு கனமோ அவ்வளவு வேகம். கார்பன் கூடினால் கெட்டித்தன்மையும் கூடும். மழைக்காலத்தில் ஈரம் பிடித்த ராடிலிருந்து ஹைட்ரஜன் உள்ளே போய், கெட்டித்துப்போன அந்த விளிம்பில் சேரும். விரிசல் உடனே வராது. சில மணி நேரம் கழித்தோ இரண்டு நாள் கழித்தோ வரும். அதனால்தான் பட்டறையில் பார்க்கும்போது எல்லாம் அழகாக இருக்கும்.

அப்படியானால் கேள்வி இதுதான்: ஆர்க் கொடுக்கும் சூடு எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போகிறது? இதைக் கணக்காகப் போட்டவர்களின் கதை எனக்குப் பிடித்த கதைகளில் ஒன்று.

ஒரு பொருளுக்குள் சூடு எப்படி நகர்கிறது என்ற அடிப்படைச் சமன்பாட்டைப் பிரான்சின் ஃபூரியே 1822இல் புத்தகமாகவே எழுதிவிட்டார். ஆனால் அவர் காலத்தில் ஆர்க் வெல்டிங் கிடையாது. வெல்டிங்கில் உள்ள தொல்லை, அடுப்பு ஓரிடத்தில் நிற்பதில்லை, ஓடுகிறது. ஓடும் அடுப்பை வைத்துக் கணக்குப் போடுவது எப்படி? 1930களில் பெல்ஜியத்தில் டேனியல் ரோசன்தால் என்பவர் இதைப் பிடித்துக்கொண்டார். பிறகு அமெரிக்காவுக்குப் போய், 1941இல் அங்கே ஒரு வெல்டிங் பத்திரிகையில் வெளியிட்ட கட்டுரைதான் இன்றுவரை எல்லோரும் தொடங்கும் இடம். 1946இல் இன்னும் விரிவாக எழுதினார்.

அவர் செய்த தந்திரம் காசிமேட்டுக்காரர்களுக்கு உடனே புரியும். கரையில் நின்று பார்த்தால் படகின் பின்னால் விரியும் அலை நகர்ந்துகொண்டே இருக்கிறது. படகிலேயே உட்கார்ந்து திரும்பிப் பாருங்கள். அலை உங்களோடு கூடவே, அதே உருவத்தில், வால்போல நிற்கும். ரோசன்தால் கரையை விட்டுப் படகில் ஏறினார். அதாவது ராடின் நுனியில் உட்கார்ந்து பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் சூட்டின் உருவம் மாறுவதில்லை. முன்னால் குறுகி, பின்னால் நீண்ட வால். நேரம் என்பதே கணக்கிலிருந்து கழன்றுவிடுகிறது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஒரு தாளில் அடங்கும் விடை கிடைத்தது. கனமான தட்டுக்கு ஒரு சூத்திரம், மெல்லிய தகட்டுக்கு வேறொன்று. கனமான தட்டில் சூடு பக்கவாட்டிலும் கீழேயும் போகும். மெல்லிய தகட்டில் பக்கவாட்டில் மட்டுமே போக முடியும்.

அந்தக் கட்டுரை வந்த நேரம் பொருத்தமான நேரம். போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கா ரிவெட்டை விட்டுவிட்டு வெல்டிங்கில் கப்பல்களைக் கட்டித் தள்ளியது. லிபர்ட்டி கப்பல்கள் மட்டும் 2,700க்கு மேல். 1943 ஜனவரி 16ஆம் தேதி, ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில், கடல் சோதனை முடித்துத் துறையில் அமைதியாகக் கட்டிக் கிடந்த ஸ்கெனெக்டடி என்ற புதிய எண்ணெய்க் கப்பல் திடீரென்று நடுவில் பிளந்தது. அடியில் ஒரு தகடு மட்டும் மிச்சம், அதுதான் கீலாகப் பிடித்துக்கொண்டிருந்தது. புயலும் இல்லை, குண்டும் இல்லை. இதேபோல் வேறு கப்பல்களும் விரிசல் விட்டன. முதலில் பழி யார்மேல் விழுந்தது என்று நினைக்கிறீர்கள்? வெல்டர்கள்மேல்தான். அவசரமாக ஆள் எடுத்தார்கள், பெண்களையும் பழக்காமல் கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்றெல்லாம் பேச்சு. சரியில்லாத வெல்டிங்கும் சில இடங்களில் இருந்தது உண்மைதான். ஆனால் கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற அம்மையார் ஆராய்ந்து, அந்த எஃகே குளிரில் கண்ணாடிபோல உடையும் தன்மையுடையது என்று காட்டினார். வடிவமைப்பில் இருந்த கூரிய மூலைகள், வெல்டிங் ஆறும்போது உள்ளே தங்கிவிட்ட இழுவிசை எல்லாம் சேர்ந்துகொண்டன. ரிவெட் அடித்த கப்பலில் விரிசல் தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். வெல்டிங் போட்ட கப்பல் ஒரே தகடு மாதிரி, அதனால் விரிசலுக்குத் தடையே இல்லை.

இதைப் படித்தபோது என் அறிக்கை ஞாபகத்துக்கு வந்தது. சொல்லத் தேவையில்லை.

நம் ஊரில் இந்தக் கணக்கு தேவைப்பட்ட முதல் பெரிய இடம் என்று நான் நினைப்பது பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955 அக்டோபர் 2ஆம் தேதி நேரு திறந்து வைத்தார். ஸ்விட்சர்லாந்தின் ஷ்லீரன் கம்பெனியின் டிசைன், முழுக்க எஃகு, முழுக்க வெல்டிங். அடிச்சட்டம், பக்கச் சுவர், கூரை எல்லாம் சேர்ந்து ஒரே கூடாகச் சுமை தாங்கும். எங்கள் தெருவிலிருந்து நாலைந்து பேர் அங்கே போனார்கள். அவர்கள் பேசிக்கொள்வது விரிசலைப் பற்றி அல்ல, நெளிவைப் பற்றி. பக்கச் சுவர்த் தகடு மெலிது. சூடு கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் பரவி, ஆறும்போது சுருங்கி, தகடு அப்பளம் மாதிரி அலையலையாக நெளியும். எந்த வரிசையில் போடுவது, எங்கே விட்டுவிட்டுப் போடுவது, எங்கே கிளாம்ப் இறுக்குவது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ரோசன்தாலின் மெல்லிய தகட்டுச் சூத்திரம் சொல்வதும் அதே சூட்டைத்தான். இரண்டு பேரும் சந்தித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

சோவியத் நாட்டில் ரைகாலின் என்பவர் 1951இல் வெல்டிங் சூட்டுக் கணக்குக்கென்றே ஒரு பெரிய புத்தகம் போட்டார். திருச்சியில் பெல் கொதிகலன் ஆலை வந்தபின், 1975இல் ஐ.நா. உதவியோடு அதே வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். கொதிகலன் குழாய்களுக்கு வெல்டிங்தான் உயிர், அதனால் அது அங்கே வந்ததில் ஆச்சரியமில்லை.

1986இல், அப்போது நான் வேறு கம்பெனியில் இருந்தேன், அங்கே ஒரு குறுகிய காலப் பயிற்சிக்குப் போனேன். ஒரு நாள் மத்தியான வகுப்பில் கரும்பலகையில் அந்தக் கனத் தட்டுச் சூத்திரத்தை எழுதி, 800 டிகிரியிலிருந்து 500 டிகிரிக்கு ஆற எத்தனை வினாடி ஆகும் என்று போட்டுக் காட்டினார்கள். அந்த 300 டிகிரி இறக்கத்தில்தான் இரும்பு கெட்டித்துப் போகிறதா இல்லையா என்பது முடிவாகிறது. சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு, பாதிப் பேர் தூக்கம். எனக்கு மட்டும் தூக்கம் போய்விட்டது. அன்று ராத்திரி அறையில் உட்கார்ந்து என் தண்டுக்குப் போட்டுப் பார்த்தேன்.

கணக்கு பெரிதில்லை, நீங்களும் போடலாம். 25 வோல்ட், 160 ஆம்பியர். பெருக்கினால் 4,000 வாட். அதில் ஐந்தில் ஒரு பங்கு காற்றில் போய்விடும். 3,200 இரும்புக்குள் போகும். கை ஓடும் வேகம் வினாடிக்கு 3 மி.மீ. வகுத்தால் ஒவ்வொரு மி.மீ. நீளத்துக்கும் சுமார் 1,070 ஜூல். இதைச் சூத்திரத்தில் போட்டால், தண்டு 25 டிகிரியில் இருந்திருந்தால் 800இலிருந்து 500க்கு ஆற நாலரை வினாடிக்குச் சற்று மேல். அதே தண்டை 200 டிகிரிக்குச் சூடாக்கியிருந்தால் ஒன்பதரை வினாடி. இரண்டு மடங்கு.

மற்றதெல்லாம் ஒன்றுதான். அதே ராடு, அதே கரண்டு, அதே கை. மாறுவது தட்டின் ஆரம்பச் சூடு மட்டும். 0.4 சதவீதக் கார்பனுக்கு ஒன்பதரை வினாடியும் தாராளம் என்று சொல்ல முடியாது. பிறகு மணலிலோ அஸ்பெஸ்டாஸ் துணியிலோ மூடி மெதுவாக ஆறவிடவும் வேண்டும். ஆனால் சூடான இரும்பிலிருந்து ஹைட்ரஜன் வெளியேற நேரம் கிடைத்திருக்கும். ராடை ஓவனில் காயவைக்காமல் கொடுத்ததும் நான்தான். அந்த நாலரை வினாடியில் வெல்டர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. செய்ய வேண்டியதைக் காலையிலேயே கேட்டார்.

சென்னைக்குத் திரும்பியதும் அவரைத் தேடினேன். கொருக்குப்பேட்டையில் வீடு மாறிவிட்டார்கள். கடைசியில் காசிமேட்டில் படகுச் சாமான் ரிப்பேர் செய்யும் ஒரு சின்ன ஷெட்டில் கண்டுபிடித்தேன். ஒரு இன்ஜின் பெட்டுக்கு வெல்டிங் போட்டுக்கொண்டிருந்தார். ஷீல்டைத் தூக்கிப் பார்த்தார். "இன்னா சார், இம்மாந்தூரம்?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். டீ வந்தது. நான் நோட்டை எடுத்துக் கணக்கைக் காட்டினேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் நோட்டை எடுத்தேன் என்பது உண்மை.

"நாலு செகண்டா?" என்று சிரித்தார். "எனக்கு செகண்டுலாம் தெரியாது சார். ராடு இழுக்க சொல்லவே கைக்கு தெரிஞ்சிடும். இரும்பு சூட்ட குடிச்சிகினே போவும். குட்ட வெரியாது, ஒட்னாப்பல நிக்கும். அன்னிக்கும் அப்பிடித்தான் நின்னுச்சி."

கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ரிப்போட்ட மாத்தி எய்த முடியுமா சார்?" என்று கேட்டார்.

முடியாது. அந்தக் கம்பெனியை இரண்டு வருஷத்துக்கு முன்பே மூடிவிட்டார்கள். வேறு வழி தெரியாமல் ஒரு வெள்ளைத் தாளில், தேதி போட்டு, நடந்ததை அப்படியே தமிழில் எழுதினேன். சூடு காட்ட வேண்டும் என்று வெல்டர் கேட்டார், வேண்டாம் என்றது நான், முறிவுக்குக் காரணம் அதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பையனைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும் மடித்து, ஷெட்டில் மாட்டியிருந்த சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். அதனால் அவருக்கு ஒரு பைசா லாபமில்லை. அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தது அவர்தான்.

கணக்கின் கதைக்கு வருகிறேன், அது அங்கே நிற்கவில்லை.

ரோசன்தாலின் சூத்திரத்தில் ஒரு ஓட்டை இருந்தது. சூடு முழுவதும் ஊசி முனை போன்ற ஒரே புள்ளியில் இறங்குவதாக அவர் வைத்துக்கொண்டார். தள்ளி நின்று பார்த்தால் விடை சரியாக வரும். பக்கத்தில் போகப் போகச் சூடு ஏறிக்கொண்டே போய், அந்தப் புள்ளியில் முடிவில்லாத வெப்பம் என்று கணக்குச் சொல்லும். வெல்டர் கண்ணாடி வழியாக நாள் முழுவதும் பார்க்கும் இடமே அதுதான். அவன் பார்க்கிற இடத்தில் கணக்கு குருடாகிவிடுகிறது! 1969இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பாவெலிக் முதலிய சிலர், புள்ளிக்குப் பதிலாக ஒரு வட்டத்தில் சூடு பரவி விழுகிறது, நடுவில் அதிகம், ஓரத்தில் குறைவு என்று வைத்துப் பார்த்தார்கள். முன்னேற்றம்தான். ஆனால் ஆர்க் மேலே தடவுவதோடு நிற்பதில்லை, குழிதோண்டி உள்ளே இறங்குகிறது.

இந்த மாதிரிச் சூட்டை வைத்துக் கையால் கணக்குப் போட முடியாது. அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும். முறை என்னவோ எளியதுதான். தட்டைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்வது. ஒவ்வொரு கட்டமும் மளிகைக் கடை நோட்டு மாதிரி: பக்கத்துக் கட்டத்திலிருந்து வந்த சூடு வரவு, அடுத்த கட்டத்துக்குப் போனது செலவு, மிச்சம் இருப்பு. இருப்பைப் பார்த்து வெப்பநிலை எழுது. ஒரு வினாடியின் சிறு பங்கு கழித்து மறுபடி எல்லாக் கட்டத்துக்கும் போடு. ஆர்க்குக்குப் பக்கத்தில் கட்டம் பொடியாக இருக்க வேண்டும், தள்ளிப் போனால் பெரிதாக இருக்கலாம். சூடு ஏறினால் இரும்பின் குணமும் மாறும், உருகும்போது சூட்டைத் தனியாக விழுங்கும். அதையும் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான கட்டம், ஆயிரக்கணக்கான முறை. எந்தக் கணக்குப்பிள்ளையாலும் ஆகாது.

1971இல் ஜப்பானின் ஒசாகாவில் உவேதாவும் யமகாவாவும், 1973இல் அமெரிக்காவில் ஹிபிட்டும் மார்சலும் வெல்டிங்குக்கு இந்த வழியில் போட்டுக் காட்டினார்கள். அந்த 1973இல்தான் ஜெர்மனி உதவியோடு கிண்டி ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 வந்தது. அட்டையில் ஓட்டை போட்டு அடுக்கிக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருக்கும் காலம். அட்டைக் கட்டு கைதவறி விழுந்தால் அன்றைய பொழுது போச்சு.

ஓட்டையை நன்றாக அடைத்தது 1984இல் கனடாவின் ஒட்டாவாவில், கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் கோல்டாக். கூட இருந்தவர்களில் சக்ரவர்த்தி என்ற பெயரும் உண்டு. சூடு விழும் இடத்தை அவர்கள் ஒரு முட்டை உருவமாக வைத்தார்கள். வேக வைத்த முட்டையை நீளவாக்கில் பாதியாக வெட்டி, வெட்டிய முகம் மேலே இருக்கும்படி தட்டில் புதைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அதிலும் முன்பாதி குட்டை, பின்பாதி நீளம். ஏனென்றால் உருகிய குட்டை அப்படித்தான் இருக்கிறது. அகலம், ஆழம், முன்நீளம், பின்நீளம் என்று நாலு அளவு கொடுத்தால் போதும், மற்றதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

அந்த நாலு அளவும் எங்கிருந்து வரும்? சமன்பாட்டிலிருந்து வராது. ஒரு வெல்டர் உண்மையாகவே வெல்டிங் போட்டு, அதைக் குறுக்கே அறுத்து, அளந்து கொடுக்க வேண்டும். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான்.

கல்பாக்கத்தில் இந்த முறையை நன்றாகப் பயன்படுத்தினார்கள். அங்கே வேக ஈனுலைக்கான பெரிய எவர்சில்வர் கலம், நைட்ரஜன் சேர்த்த 316 ரகம், சுமார் 13 மீட்டர் விட்டம். ரோட்டில் கொண்டுவர முடியாது என்பதால் அங்கேயே ஷெட்டு போட்டுத் துண்டு துண்டாக இணைத்தார்கள். அந்த அளவில் கொஞ்சம் நெளிந்தாலும் ஆபத்து. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் அந்த ரக எஃகில் வெல்டிங் போட்டு, தட்டில் தெர்மோகப்பிள் பதித்துச் சூட்டை அளந்து, கோல்டாக்கின் முட்டையை வைத்துக் கம்ப்யூட்டரில் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். தலைப்பில் பயந்துவிட வேண்டாம், உள்ளே இருப்பது நம் மளிகை நோட்டுக் கணக்கே.

நாலு வருஷத்துக்கு முன் எதிர்வீட்டுப் பெண் எம்.இ. படிக்கும்போது இதையே புராஜெக்டாக எடுத்தாள். "தாத்தா, நீங்க வெல்டிங்ல இருந்தீங்களாமே" என்று வந்து நின்றாள். லேப்டாப்பில் தட்டு நீலம், ஆர்க் போகும் இடம் சிவப்பு, பின்னால் மஞ்சள் வால். ரோசன்தால் படகிலிருந்து பார்த்த அதே வால். "அளவு எங்கேம்மா எடுத்தாய்?" என்றேன். ஒரு வெளிநாட்டுக் கட்டுரையிலிருந்து எடுத்ததாகச் சொன்னாள். அது சரிப்படாது என்று சுடுகாட்டு ரோட்டில் உள்ள கிரில் கடைக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த பையன் ஒரு கனத் தட்டில் ஒரு ரன் போட்டுக் கொடுத்தான். நான் சொன்னதுபோல ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று ராடை எடுத்தான், கடைசிக் குட்டையின் நீளம் அப்படியே உறைந்து நின்றது. தட்டை அறுத்து, எமரி தாளில் தேய்த்து, ஸ்பிரிட்டில் கலந்த நைட்ரிக் அமிலம் தடவினால் உருகிய எல்லை நிழல்போலத் தெரியும். அகலம் 9 மி.மீ., ஆழம் 3. முன்நீளம் அகலத்தில் பாதி, பின்நீளம் அகலத்தைப்போல இரண்டு மடங்கு என்று கோல்டாக் ஒரு குத்துமதிப்பு சொல்லியிருக்கிறார். பையனின் குட்டையும் ஏறக்குறைய அப்படியே இருந்ததில் அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம்.

அவள் வேலை முடிந்தபின், "எனக்காக ரெண்டு தடவை ஓட்டிப் பார்க்கிறாயா?" என்று கேட்டேன். இ.என். 8, 25 வோல்ட், 160 ஆம்பியர், வினாடிக்கு 3 மி.மீ.; ஒரு தடவை 25 டிகிரியில், ஒரு தடவை 200 டிகிரியில். இரண்டும் ஓடி முடிக்க ஒரு சாயங்காலம் ஆயிற்று. முதலாவது ஐந்து வினாடிக்குக் கொஞ்சம் மேல். இரண்டாவது பத்துக்குக் கொஞ்சம் மேல். 1986இல் போட்ட கணக்குக்குப் பக்கத்திலேயே, அதே நோட்டில், பச்சை மையில் எழுதி வைத்தேன்.

அண்ணன் போய்ப் பல வருஷம் ஆகிறது. எங்கள் மூலக்கொத்தளத்தில்தான் அடக்கம் செய்தார்கள், நானும் போயிருந்தேன். ஷெட்டைப் பையன் நடத்துகிறான். அந்த நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போட நினைத்தேன், போனில் எடுத்தால் பென்சில் எழுத்து விழவில்லை. பொங்கலுக்குப் பேரன் வருகிறான், அவனைவிட்டுப் போடச் சொல்கிறேன்.